நாலு எண்ணும்வரை

ஊரே அவர் கிளம்புவதைப் பார்க்கும். அவர் நிற்பதைப் பார்ப்பவள் அவள் ஒருத்திதான்.

பந்தயத் தடத்தின் புறப்படும் முனையில்தான் கூட்டம், ஒலிபெருக்கி, கருகிய டயர்ப் புகை எல்லாம். அங்கிருந்து நானூறு மீட்டரில் முடிவுக்கோடு. அதற்கும் அப்பால், வண்டி வேகம் குறைந்து நிற்பதற்கென்றே நீளமாக விட்டிருக்கும் வெற்றுத் தார்ப்பாதையின் கடைசியில், பிக்கப் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவள் காத்திருப்பாள். பாதை முடியும் இடத்தில் மணல். மணலுக்குப் பின்னால் வலை. வலைக்குப் பின்னால் சுவர்.

ஆறு நொடிக்குள் முடிந்துபோகும் போட்டி அது. இரண்டு வண்டிகள், நேர்க்கோடு, யார் முதலில் என்பது மட்டுமே கேள்வி. பச்சை விளக்கு எரிந்த அதே கணத்தில் பாய்ந்துவிடுகிற ஆள் என்பதால் அவள் கணவருக்குப் 'பச்சை' என்றே பெயராகிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயருக்கு அவர் பங்கம் வரவிடவில்லை. முடிவுக்கோட்டைத் தாண்டும்போது அவருடைய நீள வண்டி மணிக்கு முந்நூற்று எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. கையருகே இருக்கும் லீவரை இழுக்க வேண்டும். வண்டியின் வாலிலிருந்து இரண்டு பாராசூட்டுகள் விரிந்து, கழுத்தைப் பிடித்து இழுப்பதுபோல வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

அந்தப் பாராசூட்டுகளை மடிப்பவள் அவள்.

வண்டி கோட்டைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிப்பாள். "ஒண்ணு" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இரண்டு ஆரஞ்சுக் குடைகள் பூத்துவிடும். இருபத்தோரு வருடமாக அவள் "ரெண்டு" சொன்னதே இல்லை.

இந்த ஆண்டுதான் சொன்னாள். முன்னொரு பந்தயத்தில் இரண்டு வரை எண்ணினாள். அடுத்ததில் மூன்று வரை.

இன்று வண்டி கோட்டைத் தாண்டியது.

"ஒண்ணு."

குடை வரவில்லை.

"ரெண்டு."

"மூணு" என்பது சத்தமாக வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. வண்டி அவளை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தது. "நாலு" என்பதைச் சொன்னாளா நினைத்தாளா என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் குடைகள் விரிந்தன. வண்டி அவளைக் கடந்து, மணலில் மூக்கைச் செருகி, வலைக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது.

மணலில் ஓடுவது கனவில் ஓடுவதுபோல இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியவர் முகம் வெளுத்திருந்தாலும் சிரித்தார்.

"என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிற? ஒண்ணும் ஆகல."

"நாலு எண்ணினேங்க."

அவர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "லேட்டா விரிஞ்சிருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். அவை யாரோ வேற்று ஆளுடைய கைகள்போல இருந்தன.

மறுநாள் விடிவதற்குள் அவள் பாராசூட்டைக் கூடத்துத் தரையில் விரித்துவிட்டாள். கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். சிக்கல் இல்லை, பிசிறு இல்லை. முதலில் துள்ளி வெளியே வரவேண்டிய ஸ்பிரிங் வைத்த குட்டிக் குடையை அமுக்கிப் பார்த்தாள். விட்டதும் அது முயல் மாதிரி எகிறியது. மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எங்கே தவறுகிறேன்? எந்த மடிப்பில் இந்த மனுஷன் உயிரை வைத்துச் சுருட்டுகிறேன்? நிமிர்ந்தபோது அறை வாசலில் அவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

பட்டறையில் அன்று காலையிலேயே பேச்சு ஆரம்பித்தது. பச்சை ஓட்டும் பந்தய டீமின் முதலாளி அவளுடைய சொந்த அண்ணன். பட்டறையின் ஒரு சுவரோரமாக டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்க, நடுவில் எஞ்சினைக் கழற்றிய வண்டி குடல் உருவிய மீன்போலக் கிடந்தது. ஜன்னல் பக்கம் அவளுடைய நீள மேஜை. அவள் அதில் மடிக்கும்போது யாரும் பேசக்கூடாது, ரேடியோகூடப் பாடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"பாப்பா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டியே?" என்றார் அண்ணன். நாற்பத்தேழு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"சொல்லுண்ணே."

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோ. முட்டி வலிக்குதுன்னு சொன்னியே..."

"அது அண்ணி சொன்னது. எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

அண்ணன் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். மடிப்பதை விட்டுவிடு என்று அவர் சொல்ல வந்தது அவளுக்குப் புரியாமல் இல்லை. அவளே அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். வாயைத் திறக்குமுன் தலைமை மெக்கானிக் குறுக்கிட்டான். எல்லோரும் அவனை 'சீஃப்' என்பார்கள். சேர்ந்து இரண்டு வருடம்தான், ஆனால் கணக்கான ஆள்.

"ஒரு நிமிஷம் சார். அக்கா மடிப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும். லீவர் கேபிள்லகூடக் கோளாறு இருக்கலாம் இல்லையா? லீவர்ல ஒரு குட்டி ஸ்விட்ச் வச்சிடலாம். இழுத்த நேரம் கம்ப்யூட்டர்ல பதிவாயிடும். குடை விரியுற நேரம்தான் ஏற்கெனவே அதுல பதிவாகுதே. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா கோளாறு எங்கேன்னு தெரிஞ்சிடும். இருபது நிமிஷ வேலை."

அதுவரை டயர்மேல் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பச்சை சட்டென்று எழுந்தார்.

"எதுக்கு ஸ்விட்ச்?"

"இல்லண்ணே, சும்மா ஒரு..." என்று சீஃப் இழுத்தான்.

"என் பொண்டாட்டி கையைச் சோதிக்க ஒயர் போடுறியா? இருபத்தோரு வருஷம் அந்தக் கையை நம்பித்தான் நான் உயிரோட வீட்டுக்குப் போயிருக்கேன். மச்சான், உங்க தங்கச்சியைப் பத்தி இவன் பேசுறான், நீங்க கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

"மாப்ள, அவன் அவளுக்குச் சாதகமாத்தானே..."

"போதும். ஸ்விட்ச் வச்ச வண்டில நான் ஏறமாட்டேன். ஸ்விட்ச் வைக்காத வண்டிலயும் இனிமே ஏறமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கங்க."

டீம் பேர் பின்னிய ஜாக்கெட்டைக் கழற்றி எஞ்சின் இல்லாத வண்டியின் இருக்கையில் வைத்தார். எறிந்திருந்தால்கூட அண்ணன் ஏதாவது பேசியிருப்பார். பச்சை அதை மடித்து வைத்தார்.

வெளியே வந்ததும் பச்சை சாவியை அவளிடம் நீட்டினார். "நீ ஓட்டு. கோவத்துல கை நடுங்குது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டியவளுக்காகக் கூடப் பிறந்தவனைப்போல இருந்த மச்சானையே உதறிவிட்டு வருகிற ஆண் எத்தனை பேருக்குக் கிடைப்பான்? கல்யாணமான புதிதில்கூட அவரை இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது. மூன்றாவது சிக்னல்வரை அந்த இனிப்பு நெஞ்சில் இருந்தது.

நான்காவது சிக்னலில் சிவப்பு. வண்டியை நிறுத்தினாள். நின்ற வண்டியில் ஒரு யோசனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஸ்விட்ச் வைத்தால் யார் தப்பிப்பார்கள்? அவள்தான். மடிப்பில் குறையில்லை என்று அது காட்டிக்கொடுத்திருக்கும். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளை அவள் பெயரைச் சொல்லியே இவர் ஏன் தட்டிவிட்டார்?

கல்யாணமான இருபத்துநாலு வருடத்தில் ஒருநாள்கூட அவள் ஓட்டி இவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட ஆஸ்பத்திரிக்குத் தானேதான் ஓட்டிப்போனார். ஓரக்கண்ணால் பார்த்தாள். மடியில் கிடந்த அவருடைய கைகள் நடுங்கவில்லை.

பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

"பச்சை விழுந்திருச்சு, போ" என்றார் அவர். விளக்கைப் பார்க்காமல், ஹாரனைக் கேட்டுத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. எதிர் டீம். செய்தி அதற்குள் பறந்துவிட்டிருந்தது.

"வியாழக்கிழமையா? வரேன்" என்றார் பச்சை. "ஒரே ஒரு கண்டிஷன். என் பாராசூட்டை என் வீட்டுக்காரிதான் மடிப்பா."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். "அவங்க வண்டி நம்ம வண்டியைவிட வேகம். நானூறைத் தொடுமாம்."

அவள் டீயைக் கொண்டுவந்து மேஜையில், வழக்கம்போல அவருடைய வலப்பக்கத்தில் வைத்தாள். அவர் கை மேஜையின்மேல் தடவிக்கொண்டே போய் டம்ளரின் இடுப்பில் இடித்தது. பாதி டீ கொட்டியது.

"யார் இங்க வச்சது?"

"நான்தான். தினமும் அங்கதானே வைக்கிறேன்."

துடைப்பதற்காகக் குனிவதுபோலக் குனிந்து, அவர் வலக் கண்ணுக்குக் கீழே கையை நீட்டி விரல்களை ஆட்டினாள். அவர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"வலது கண்ணு எத்தனை நாளாத் தெரியல?"

"தெரியுது. யாரு தெரியலன்னது? இதோ நீ உக்காந்திருக்க, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. அது நல்லாவே தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த பிக்கப் சாவிக்கொத்தை எடுத்தாள். "பிடிங்க" என்று சொல்லி, அவருடைய வலப்பக்கமாகத் தாழ்வாக வீசினாள்.

விளக்கு மாறிய கணத்தில் எஞ்சினின் ஆயிரம் குதிரைகளை அவிழ்த்துவிடுகிற கை அது. கடைசி நேரத்தில் ஒரு குருட்டு யூகத்தில் எழும்பிக் காற்றைப் பிடித்தது. சாவிக்கொத்து அவர் நெஞ்சில் பட்டுத் தரையில் விழுந்தது. அவர் குனிந்து தேடினார். சாவி கிடந்தது வலக் காலடியில். அவர் இடப்பக்கமாகத் தேடினார். பிறகு தலையை முழுசாகத் திருப்பித் தேடினார். கொஞ்ச நேரத்தில் தேடுவதையும் விட்டுவிட்டு அப்படியே குனிந்திருந்தார்.

"மூணு பந்தயமா" என்றார் தரையைப் பார்த்து. "கீழேருந்து கறுப்பா ஒரு திரை ஏறுது. முதல்ல வெறும் மின்னலாத்தான் இருந்துச்சு. குடை விரியும்போது இழுக்குது பாரு, அந்த உலுக்கல்ல கண்ணுக்குள்ள வெல்டிங் பொறி மாதிரி பறக்கும். ஒவ்வொரு உலுக்கலுக்கும் திரை கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துச்சு."

"அதனால?"

"அதனால... வண்டி கொஞ்சம் வேகம் குறைஞ்சப்புறம் இழுத்தா உலுக்கல் கம்மியா இருக்கும்ல. ஒரு நொடி பொறுத்தேன். அடுத்த தடவை ரெண்டு. நேத்து..."

"நேத்து கைய லீவர்ல வச்சுக்கிட்டு நாலு எண்ணுற வரைக்கும் உக்காந்திருந்தீங்க."

"இழுக்கப் பயமா இருந்துச்சு. மணல் கிட்ட வந்தப்புறம் இழுக்காம இருக்கவும் பயமா இருந்துச்சு."

அவளுக்குள் ஒரேநேரத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருத்திக்கு அவர் தலையை மடியில் கிடத்திக்கொள்ள வேண்டும். இன்னொருத்திக்கு அதே தலையில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும். இரண்டாவதுதான் முதலில் பேசியது.

"காலைல வாசல்ல நின்னு பார்த்தீங்களே! என் கைதான் உங்களைக் கொல்லப்போகுதுன்னு நான் ஒவ்வொரு கயிறாத் தடவிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா? டீ போடட்டுமான்னு கேக்குறீங்க!"

"சொன்னா மச்சான் அன்னைக்கே இறக்கி விட்டுருவாரு."

"அதுக்கு என் பேரைப் போர்வையாப் போத்திக்கிட்டு வெளிய வந்துட்டீங்க. நானும் நாலு சிக்னலா ஹீரோவைப் பாக்குற மாதிரி பார்த்துக்கிட்டு வந்தேன், பைத்தியக்காரி!"

"மூணு சிக்னல்" என்றார். "அதுக்கப்புறம் நீ பேச்சையே நிறுத்திட்ட."

அவர் கைநீட்டி, இந்த முறை மெதுவாக, அவளுடைய விரல்களைத் தேடிப் பிடித்தார். அந்தக் கை இப்போது உண்மையாகவே நடுங்கியது.

"வியாழக்கிழமை ஒரே ஒரு ஓட்டம். முடிச்சிட்டு நேரா டாக்டர்கிட்ட..."

"நானூறுல இழுத்தா மிச்சக் கண்ணும் போயிடும். இழுக்கலன்னா ஆளே போயிடுவீங்க. இந்த ரெண்டுல எதுக்காக நான் மடிச்சுத் தரணும்? எனக்குச் சொல்லுங்க, அதையே செய்றேன்."

அவர் தலையை முழுசாகத் திருப்பி, காலடியில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வண்டியை எடு" என்றார்.

கண் டாக்டர் குட்டையான பெண்மணி. தேவைக்குமேல் ஒரு சொல் செலவழிக்காதவர். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். அவள் அந்த நேரம் முழுக்கச் சுவரிலிருந்த எழுத்துப் பலகையையே படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரி அவளுக்கே தெரியவில்லை. தனக்கும் போய்விட்டதோ என்று ஒரு கணம் குலைநடுங்கினாள். பிறகுதான் கண்ணில் நீர் நிற்பது புரிந்தது.

"விழித்திரை கழண்டு வந்துக்கிட்டிருக்கு. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, நூலிழையில" என்றார் டாக்டர். "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும். நாளைக்குன்னா நான் எந்த வாக்கும் தர முடியாது. இன்னைக்கேன்னாலும் முழு வாக்குத் தர முடியாது."

"வண்டில எப்போ உக்காரலாம் டாக்டர்?"

"பின் சீட்லயா? ரெண்டு வாரம் கழிச்சு."

"என் வண்டிக்குப் பின் சீட்டே கிடையாது."

"அப்போ பதில் உங்களுக்கே தெரிஞ்சு போச்சு."

ஆபரேஷன் அறைக் கதவுவரை அவள் கூடவே போனாள். முந்நூற்று எண்பதில் பறக்கிற மனுஷன், மெதுவாக உருளும் ஸ்ட்ரெச்சரில் அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. நர்ஸ் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழிதான் விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர் ஏழு நாள் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். தலை ஆடக்கூடாது. இருமுவதானால்கூட அனுமதி கேட்டுத்தான் இரும வேண்டும்.

வியாழக்கிழமை எதிர் டீம் போன் செய்தது. அவளே எடுத்து, அவர் வரமாட்டார் என்றாள். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. அண்ணன் நாலு தடவை கூப்பிட்டார். அதையும் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தன் கைக்கு வந்த பழி போய்விடும். ஆனால் அது அவள் சொல்லவேண்டிய உண்மையில்லை. அவர் தானாகச் சொல்வாரா? அதை நினைக்கவே பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டால், அந்த மனிதருடன் மிச்ச வருடங்களை எப்படி வாழ்வது?

கட்டிலின் விளிம்பில் நெற்றிக்கு வளையத் தலையணை வைத்திருந்தார்கள். அதன் ஓட்டை வழியாக, கட்டுப் போடாத இடக் கண்ணால் அவருக்குத் தெரிந்தது தரையின் ஒரு சதுரம் மட்டுமே. முதல் நாள் அந்தச் சதுரத்தில் ஓர் எறும்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இரண்டாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு போர்வையை விரித்து, அந்தச் சதுரத்தில் தன் முகம் வருமாறு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"எறும்பே பரவாயில்ல" என்றார் அவர். ஆனால் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்தது.

ஐந்தாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. அண்ணன். எதுவும் கேட்காமல், அவளையும் தாண்டி உள்ளே வந்து, கட்டிலருகில் அப்படியே நின்றுவிட்டார். பச்சைக்கு அண்ணனின் வெறுங்கால் மட்டும்தான் தெரிந்தது. கட்டைவிரல் நகத்தை என்றோ வண்டி தூக்கும் ஜாக்கி ஒன்று தின்றுவிட்டிருந்த கால் அது.

"மச்சான்" என்றார் அந்தக் காலைப் பார்த்து.

"மாப்ள, இது என்ன கோலம்? சண்டை போட்டா போன்கூட எடுக்க மாட்டீங்களா? ஸ்விட்சும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சீஃபை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். புதுசா ஒருத்தனைப் பாராசூட் மடிக்க வச்சிருக்கேன். பாப்பா கோவிச்சுக்கக் கூடாது, எனக்கு வேற வழி..."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவளை மறுபடி கூப்பிடுங்க" என்றார் பச்சை.

"அது வந்து மாப்ள..."

"மடிப்புல குறையே இல்ல, மச்சான். ஒரு தடவைகூட இருந்ததில்ல. லீவரை நான்தான் இழுக்கல. கண்ணு போயிக்கிட்டிருந்துச்சு. தெரிஞ்சேதான் உக்காந்தேன். அவ மேல பழி விழுறதை மூணு பந்தயமாப் பார்த்துக்கிட்டு இருந்தேன். சீஃப் ஸ்விட்ச்சுன்னதும் மாட்டிக்குவேன்னுதான் கத்திட்டு ஓடிவந்தேன். அன்னைக்கு அவளைச் சாக்கு வச்சு டீமை விட்டேன். இன்னைக்கு நானாச் சொல்லி விடுறேன். இனி நான் ஓட்டல."

நகமில்லாத கால் அசையவில்லை. பிறகு அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். உட்கார்ந்தார். அப்படியும் அவர் முகம் தெரியவில்லை என்பதால், தொந்தி ஒருபக்கம் சரிய, தரையில் மல்லாந்து படுத்து, புழுபோல நகர்ந்து நகர்ந்து அந்தச் சதுரத்துக்குள் முகத்தைக் கொண்டுவந்தார்.

"நாலு செகண்டு மாப்ள!" என்றார். குரல் உடைந்தது. "வலைக்கு ஆறடி! என் தங்கச்சிகிட்ட நான் என்னத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்?"

"அதான் திட்டுங்க."

"திட்டுறேன், நல்லா எந்திரிச்சப்புறம் வச்சுத் திட்டுறேன். இப்போ திட்டினா உனக்குத் தலை ஆடும்." அண்ணன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துத் திரும்ப முயன்றார், முடியவில்லை. "பாப்பா, உன்கிட்ட அப்புறமா மன்னிப்புக் கேக்குறேன். முதல்ல என்னைத் தூக்கி விடு. இடுப்பு பிடிச்சிருச்சு."

பச்சைக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவர் தோள்பட்டை குலுங்கியதிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

"ஐயோ, சிரிக்காதீங்க! தலை ஆடக் கூடாதுங்க!"

அண்ணனைத் தரையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, கட்டில் ஓரம் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அவர் தலையை இருபக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டுக்குள்ளே அந்தக் குமிழி தன் வேலையைச் செய்கிறதா இல்லையா என்று இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். ஒரு சிரிப்பில் எல்லாம் போய்விடுமோ? உள்ளங்கைகளுக்கு நடுவே அவர் சிரிப்பு குலுங்கிக் குலுங்கி, மெதுவாக மூச்சாக மாறிக்கொண்டு வந்தது. அவள் பிடியை விடவில்லை.